விறகுக் கட்டின் பின்முனை

அக்கா அதை எழுபத்து மூன்றாம் ஆண்டு என்பாள். அவள் கணவரான மச்சான் எழுபத்தைந்து என்பார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஆண்டு அது. நினைவில் நிற்கும் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுபோய் வைப்பது அவர் வழக்கம். இரண்டும் சரியல்ல. நமுனுகுல மலைச்சரிவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியது எழுபத்து நான்கில். செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் அந்த வேலை ஒரு மலையில் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். எழுபத்து மூன்றில் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தைந்திலோ, முன்பே வெட்டிய செடிகள் துளிர்த்து மறுபடி நிலத்தை மூடிவிட்டன. கவ்வாத்து இல்லாவிட்டால் மிலாறு இல்லை. மிலாறு இல்லாவிட்டால் என் அக்கா மகளின் இடது கண்ணைப் பற்றி நான் எழுத எதுவும் இல்லை.

மிலாறு என்பது கவ்வாத்தில் வெட்டி விழுத்திய தேயிலைக் கிளை. லயத்து அடுப்புகள் அதை நம்பி இருந்தன. வெட்டு முடிந்து கிளைகள் காய்ந்ததும் குடும்பம் குடும்பமாக ஏறிப் பொறுக்குவோம். கவ்வாத்துக் கத்தி சாய்வாகத்தான் வெட்டும். வெட்டுவாயில் மழைத்தண்ணீர் தங்கினால் செடி அழுகிவிடும் என்பதால் அப்படி வெட்டப் பழக்கியிருந்தார்கள். அதனால் செடியில் நிற்கும் கட்டைக்கும் கூர் உண்டு, கீழே விழும் கிளைக்கும் கூர் உண்டு. பச்சையாக இருக்கும்போது அது தெரியாது. காய்ந்த பிறகு எழுதுகோலின் முள் போல ஆகிவிடும்.

மிலாற்றுக் கட்டைத் தலையில் வைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகப் பருத்த அடிப்பக்கத்தைப் பின்னால் விட்டு, மெல்லிய நுனிகளை முன்னால் விடுவார்கள். எனவே கூர்கள் அனைத்தும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிறுபிள்ளைகள் தாய்க்குப் பின்னால்தான் நடப்பார்கள். அதற்கும் காரணம் இருந்தது. கால் தவறினால் கட்டு முன்னால் விழும். முன்னால் போகும் பிள்ளைமேல் விழக் கூடாது. சமதரையில் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளையின் தலைக்கு மேலே கட்டு போகும். ஆனால் எங்கள் மலையிலிருந்து லயத்துக்கு வரும் வழி கல் படிக்கட்டு. படியில் தாய் கீழேயும் பிள்ளை மேலேயும் இருக்கும்போது, தாயின் தலைச்சுமையும் பிள்ளையின் முகமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. இதை நான் பிற்பாடுதான் யோசித்தேன். அதுவரை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா முன்னால், அவளுக்குப் பின்னால் ஆறு வயது மகள், சில படிகள் தள்ளி நான். தோட்டப் பாடசாலையில் அப்போது நான் உதவி ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு தூக்குவேன். பாதிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழே குறுக்குப் பாதையில் போன ஒரு பெண் அக்காவைக் கூப்பிட்டாள். எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், இருந்தவள். கைக்குழந்தைக்காரி. அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி.

"பசறைக்குப் போறேன். ஏதும் வாங்கியாரணுமா?"

"ஒண்ணும் வேணாம். புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போற?"

"முதுகுல இருக்கான். கண்ணு தெரியலையா ஒனக்கு?"

அக்கா சிரித்துக்கொண்டே அவளைப் பார்ப்பதற்காக உடம்பைத் திருப்பினாள். கட்டும் திரும்பியது. மகள் "அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. இடது கண்ணைப் பொத்தியிருந்தாள். அக்காவுக்குக் கட்டின் பின்முனையில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை. தலைச்சுமைக்காரிக்குத் தெரியாது.

"என்னடி உக்காந்துட்ட? எந்திரி. வெயில் ஏறுது."

நான் கையை விலக்கிப் பார்த்தேன். இரத்தம் இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. கருவிழியின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போல ஏதோ தெரிந்தது. கைக்குழந்தைக்காரி அதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டாள்.

லயத்தில் வாசல் நிறையக் கூடிவிட்டார்கள். கண்ணில் பட்ட எதற்கும் எங்களிடம் ஒரே மருந்துதான் இருந்தது: தாய்ப்பால். தூசி விழுந்தாலும் பால், கண் சிவந்தாலும் பால், குச்சி குத்தினாலும் பால். அதிலும் ஒரு விதி உண்டு. பெண் பிள்ளையின் கண்ணுக்கு, ஆண் பிள்ளை பெற்றவளின் பால் வேண்டும். பால் கொடுக்கும் இன்னொருத்தி வாசலிலேயே நின்றாள். அவளுடையது பெண் குழந்தை. அவளும் கேட்டாள்.

"நான் விடவா அக்கா?"

"ஒன்னுது பொட்டப் புள்ள பாலு. சேராது," என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "கடைசிக் காம்பராக்காரி வரட்டும்."

"அவ பசறைக்குல்ல போயிருக்கா."

"போனவ வருவா. ஊரவிட்டா ஓடிட்டா?"

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவும் அன்று இல்லை. ஞாயிறென்றால் அவர் பதுளையில்தான் இருப்பார். பசறை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். மச்சான் மகளை மடியில் வைத்து, வலிக்கிறதா என்று கேட்டார். "இல்லப்பா, கூசுது," என்றாள் அவள்.

"வலியே இல்லங்குது. பஸ்ஸுல குலுக்கிக் கூட்டிட்டுப் போயி என்னத்தக் காட்டப் போற மாப்ளே? பால் விட்டா ராத்திரிக்குள்ள தெளிஞ்சிரும்."

கண்ணில் ஆழமாகப் பட்ட காயம் சில நேரம் அவ்வளவாக வலிக்காது என்பதையும், பிள்ளை அழவில்லை என்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதையும் அன்று அந்த வாசலில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. பொழுது முழுவதும் ஒரு பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்கு அல்ல, பசறையிலிருந்து வருகிற பஸ்ஸுக்கு. இதற்கிடையில் கண்ணை நனைந்த துணியால் இறுக்கிக் கட்டினார்கள், அவிழ்த்துப் பார்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இமையைப் பிரித்துக் காட்டினார்கள்.

கைக்குழந்தைக்காரி மாலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். விஷயம் கேட்டதும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு, கையைக் கழுவி, மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"கண்ணு, மேல பாரு. அங்க கூரையில பல்லி இருக்கா பாரு."

"இல்ல."

"இருக்கும், நல்லாப் பாரு."

பாலைப் பீய்ச்சினாள். பிறகு தன் பிள்ளைகளுக்கு என்று வாங்கிவந்த பணிஸ் ரொட்டி ஒன்றை எடுத்து மகளின் கையில் வைத்தாள். மகள் அதைச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி வந்துவிட்டது.

விடிந்தபோது இமை வீங்கி மூடியிருந்தது. ஓரத்தில் சீழ். பிரித்துப் பார்த்தால் கருவிழி கலங்கிய கண்ணாடி போல இருந்தது. நல்ல கண்ணைக் கையால் மறைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"மாமா, ஒங்க மூஞ்சி பொகையா இருக்கு."

முதல் பஸ்ஸில் பசறை, அங்கிருந்து கண் டாக்டர் இருந்த பதுளை. வளைவுகளில் மகள் வாந்தி எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் அக்கா அவள் கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அதுவும் கூடாது என்பது இறங்கிய பிறகு தெரிந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சிங்களத்தில்தான் பேசினார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றவர் ஓர் அட்டென்டன். பதுளை நகரத்து முஸ்லிம், நடுவயது. டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் இவர் மூன்று சொல்வார். அதில் எவை டாக்டருடையவை, எவை இவருடையவை என்று பிரித்துக்கொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின.

"எப்பப் பட்ட?"

"நேத்து காலம்பற," என்றார் மச்சான்.

"நேத்தா? ஏன், நேத்து பஸ் ஓடல்லயா? சரி, கண்ணுக்கு என்னமும் ஊத்தின நீங்களா?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். மகள்தான் பதில் சொன்னாள்.

"பாலு."

"மாட்டுப் பாலா?"

"இல்ல. கடைசிக் காம்பரா அத்தைப் பாலு."

அட்டென்டன் அதை மொழிபெயர்த்தார். டாக்டர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அவருக்கு அது புதிதல்ல என்று தோன்றியது. கருவிழி கிழிந்திருக்கிறது என்றார். கிழிந்த இடத்தில் ஊற்றுவது எதுவானாலும், அது பாலானாலும் பன்னீரானாலும், கிருமியை உள்ளே அழைத்துப் போகும் வழி என்றார். சீழ் உள்ளே பரவினால் கண்ணை எடுக்க வேண்டி வரலாம். இரண்டு நாள் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

"எடுக்க விட மாட்டேன்," என்றார் மச்சான். "பொம்பளப் புள்ள. சொல்லுங்க அவருகிட்ட."

"சொல்லலாம். அவரு சும்மா எடுக்கிற ஆளில்ல. ஆனா, கெட்ட கண்ண உள்ளுக்கே வெச்சிருந்தா சில நேரம் நல்ல கண்ணும் கூடப் போகும். ரெண்டும் போனா அப்ப யாருகிட்டச் சொல்லுவீங்க?"

அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "ஒண்ணாவது இருக்கட்டும்," என்றாள்.

அந்த இரண்டு நாளும் மச்சான் ஆஸ்பத்திரி வளவில் இருந்த மரத்தடியை விட்டு அகலவில்லை. அக்கா வார்டில் மகளோடு இருந்தாள். நான் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு இருவருக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தேன். அட்டென்டன் ஓய்ந்த வேளையில் மச்சானின் பக்கத்தில் வந்து வெற்றிலை போட உட்காருவார். ஒருமுறை அவரிடம் மச்சான் கேட்டார்.

"அப்ப என்னதான் செஞ்சிருக்கணும்?"

"ஒண்ணும் செஞ்சிருக்கக் கூடா. அதான் கஷ்டம். கழுவக் கூடா, ஊத்தக் கூடா, கசக்கக் கூடா, அமத்திக் கட்டக் கூடா. குச்சி உள்ளுக்கு நிண்டாலும் புடுங்கக் கூடா. நீங்க டீ குடிக்கிற கோப்பை இருக்குத்தானே, தகரக் கோப்பை? அதக் கவுத்து வெச்சு, கோப்பைக்கு மேலால துணியச் சுத்திக் கட்டி, உடனே கூட்டிட்டு வரோணும். கோப்பை எலும்புல நிக்கும். கண்ணுல ஒண்ணும் படாது."

"கோப்பையா?"

"கோப்பைதான். டாக்டர் எல்லாருக்கும் சொல்றதத்தான் நானும் சொல்றன். கழுவுறதெல்லாம் சுண்ணாம்பு பட்டாத்தான். அப்ப ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம், மொதல்ல தண்ணி. நிப்பாட்டாமத் தண்ணி. அதுக்குப் பொறகுதான் பஸ்."

சுண்ணாம்பை அவர் சும்மா சொல்லவில்லை. மகளின் அடுத்த கட்டிலில் இருந்த சிறுமி, அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்புக் குப்பியை அமுக்கி விளையாடியவள். அதற்கு அடுத்தவன் பண்டாரவளைப் பையன். வெடிக்காத பட்டாசைக் குனிந்து ஊதியிருக்கிறான். எதிர்க் கட்டிலில் ஒரு சிங்களப் பிள்ளை. அண்ணன் குடைக்கம்பியில் செய்த அம்பு. நான் அந்த வார்டைப் பல முறை சுற்றிப் பார்த்தேன். நோயால் வந்தவர்கள் குறைவு. மற்ற எல்லோரையும் காயப்படுத்தியது வீட்டில் இருந்த ஏதோ ஒரு பொருள். அடிக்க எண்ணியவர் யாரும் இல்லை. பொருள் இருந்த இடமும் பிள்ளை நின்ற இடமும் ஒரு கணம் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் குறைகிறது, எடுக்க வேண்டியதில்லை என்றார். அக்கா கும்பிட்டாள். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பதைக் காயம் ஆறிய பிறகுதான் சொல்ல முடியும் என்று அவர் தொடர்ந்து சொன்னதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஆறுவதற்கு வாரங்கள் ஆயின. நடக்க விட்டதும் மகள், கண் சோதிக்கும் அறை வாசலில் ஒரு வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே சுவரில் ஓர் அட்டை. எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கானது. மூன்று பல் உள்ள சீப்பைப் போன்ற உருக்கள் வரிசையாக இருக்கும். சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளை கையைக் காட்ட வேண்டும். வந்த பிள்ளைகள் காட்டுவதை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய முறை வந்த நாளில் அட்டென்டன் அவளை உற்சாகப்படுத்தினார். "சரியாக் காட்டினா இண்டைக்கே வீட்டுக்குப் போகலாம், என்ன?"

டாக்டர் நல்ல கண்ணை மூடினார். மகள் கையைக் காட்டினாள். மேல். வலம். கீழ். கீழ். இடம். அடுத்த வரி. அதற்கு அடுத்த வரி. ஒன்றும் தவறவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து போய் அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்து, மறுபடி காட்டச் சொன்னார்.

மேல். வலம். கீழ். கீழ். இடம்.

அட்டென்டன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அடி கள்ளி!" டாக்டரும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மகளும் சிரித்தாள். முதலில் சிரிப்பை நிறுத்தியவர் டாக்டர்தான்.

"எல்லாம் சரியாத்தானே காட்டினா?" என்று அக்கா கேட்டாள்.

"பாடமாக்கி வெச்சிருக்கா, தங்கச்சி. அட்டை அவக்குத் தெரியல்ல."

டாக்டர் அவள் முன்னால் விரல்களைக் காட்டிக்கொண்டே நெருங்கி வந்தார். கை எட்டும் தூரத்துக்கு வந்தபோது அவள் சரியாக எண்ணினாள். அந்தக் கண்ணுக்கு மிஞ்சியது அந்தத் தூரம்தான். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றுவிட்டது. கண்ணில் பூ விழுந்தவள் என்று லயத்தில் சொல்வார்கள். வலது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அட்டென்டன் வாக்குத் தவறவில்லை.

லயத்தில் பேச்சு வேறு திசையில் போயிருந்தது. கைக்குழந்தைக்காரியின் பாலில் சூடு அதிகம் என்றார்கள். அவள் கூப்பிட்டதால்தான் கட்டு திரும்பியது என்றும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா அதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. "கூப்புடாம என்ன செய்வா? ஊமையா அவ?" என்பாள். அந்தக் குடும்பத்துக்குப் பின்னர் இரு அரசுகளின் ஒப்பந்தப்படி இந்தியா போக உத்தரவு வந்தது. புறப்படும் முன் அவள் எங்கள் காம்பராவுக்கு வந்தாள். மகளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அக்கா அவளுக்குத் தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறை மிலாறு தூக்கப் போனபோது அக்கா செய்ததை நான் பார்த்தேன். கட்டைக் கட்டி முடித்ததும் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்தாள். கொழுந்து பறிக்கும்போது செடியின் ஈரம் படாமல் பெண்கள் இடுப்பில் சுற்றும் கெட்டிச் சாக்கு அது. அதைக் கட்டின் பின்முனையில் மூடிப் போர்த்திக் கயிற்றால் இறுக்கினாள். பிறகு தலையில் ஏற்றினாள். மலை முழுவதும் சிரித்தது.

"என்னாடி, கட்டுக்குக் கோவணம் கட்டிவிட்டிருக்க?"

"அதுக்கும் மானம் இருக்காது?" என்றாள் அக்கா.

"அப்ப முன்னால ஒரு மாராப்பும் போட்டுவிடு."

"ஒம் பழைய சேலை ஒண்ணு குடு, போடுறேன்."

சிரித்தவர்களில் சிலர் அடுத்த வாரங்களில் படங்கு சுற்றினார்கள். பலர் சுற்றவில்லை, படங்கு கிழிந்துவிடும், கிழிந்தால் வேறு வாங்க வழியில்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அக்கா இன்னொன்றும் செய்தாள். அதற்குச் சாக்கு தேவையில்லை. தலையில் கட்டு இருக்கும்போது யாராவது கூப்பிட்டால், அவள் திரும்பமாட்டாள். முகத்தை முன்னாலேயே வைத்துக்கொண்டு, "திரும்புறேன்" என்று சத்தமாகச் சொல்வாள். பின்னால் வருபவர் "திரும்பு" என்று சொன்ன பிறகுதான் உடம்பை அசைப்பாள். இது பரவியது. எப்போது, யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று தேதி வைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தும் முடியவில்லை. கோப்பை விஷயத்தைப் பாடசாலையில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன். பிள்ளைகள் ஒருவர் கண்ணில் ஒருவர் கோப்பையைக் கவிழ்த்துக் கட்டி விளையாடினார்கள். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அதே மலையில் அடுத்த கவ்வாத்து எழுபத்தொன்பதில் வந்தது. அப்போது நான் வேறு பாடசாலைக்கு மாறியிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். மகளுக்குப் பதினொரு வயது. தனக்கென்று ஒரு சின்னக் கட்டு. பின்முனையில் அம்மாவின் பழைய படங்கு. அவளுக்குப் பின்னால் நான்கு வயதுத் தம்பி, படிக்குப் படி குதித்துக்கொண்டு வந்தான். நான் கீழே குறுக்குப் பாதையில் நின்றிருந்தேன். அது அவளுக்கு இடப்பக்கம். அந்தத் தூரத்தில் அந்தக் கண்ணுக்கு நான் தெரிய நியாயமில்லை. அதனால் கூப்பிட்டேன்.

அவள் நின்றாள். தலை அசையவில்லை.

"திரும்புறேன்," என்றாள்.

தம்பிக்காரன் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பதில் வரவில்லை. அவள் மறுபடி சொன்னாள். கட்டைத் தாங்கியபடி, முன்னாலேயே பார்த்தபடி காத்திருந்தாள். நானும் கீழே காத்திருந்தேன்.

"ம், திரும்பு," என்றான் அவன் கடைசியில்.

பிறகுதான் அவள் மெதுவாக, உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி, யார் கூப்பிட்டது என்று பார்த்தாள்.